கோழிகள் கேட்ட படம்

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பழைய மிக்ஸியின் திருகு பதித்திருந்தது. அரைப்பதற்கு அல்ல. ஒன்றில் வைத்தால் ரேடியோ, இரண்டில் வைத்தால் டேப் ரெக்கார்டர், மூன்றில் வைத்தால் டிவி. ஆனால் எதில் வைத்தாலும் வீட்டுக்குள் சத்தம் வராது. கோழிக் கொட்டகையில்தான் வரும்.

அந்த வேலையைச் செய்தவர் என் வீட்டுக்காரர். திருச்செங்கோட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார், மிக்ஸி ரிப்பேரும் பார்ப்பார். கோழிகள் என் மாமனாருடையவை. எங்கள் விவசாயக் காட்டை ஒட்டிய தடத்தில் போர்வெல் போடுகிற ரிக் லாரிகள் போகும். ஒரு ஹாரன் அடித்தால் போதும், அத்தனை கோழியும் மிரண்டு ஒரே மூலைக்கு ஓடும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் கிடப்பது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். எந்நேரமும் பாட்டும் பேச்சும் கேட்டுப் பழகின கோழி மிரளாது என்று யாரோ ஒரு பண்ணைக்காரர் மாமாவிடம் சொல்லிவிட்டார். மறுநாளே ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் வந்தன. கொட்டகை நீளம் என்பதால் கோடிக்கு ஒன்றாக மாட்டினார்கள். ஆம்ப்ளிஃபயர் வீட்டுக்குள் இருந்தது.

ரேடியோ நாள் முழுக்கப் பேசாது, நடுவில் நிலையத்தை மூடிவிடுவார்கள். அப்போது டேப் போட வேண்டும். சாயங்காலம் டிவி. இருந்ததோ ஒரே ஒயர். அதன் நுனியில் இருந்த பின்னை இதில் பிடுங்கி அதில் செருகிக்கொண்டிருந்தோம்.

டிவி, என் அப்பா கொடுத்த சீர். மேட்டூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது கூரையில் போட்டால் உடைந்துவிடும் என்று வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது கால் மரத்துப்போய், அவரையும் தனியாகத் தூக்கி இறக்க வேண்டியதாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ரேடியோவிலிருந்து பின்னைப் பிடுங்கி டிவியில் செருகினார். கொட்டகையில் ‘டர்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். பதினொரு கோழி போய்விட்டது.

மாமா செத்த கோழிகளை வரிசையாகப் போட்டுவிட்டு வந்தார். "ரேடியோ பாடுன வரைக்கும் ஒண்ணும் சாவுல. இந்தப் பொட்டி வந்துது, பதினொண்ணு போச்சு. இன்னொரு கோழி செத்துதுன்னா இத வித்துப்போட்டுத்தான் எனக்கு மறுவேலை" என்றார்.

அப்பா வந்து பார்த்து, டிவி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? பிசகு பின்னில் இருக்கிறது, பெட்டி என்ன செய்யும் என்று மாமாவிடம் சொல்லலாம்தான். ஆனால் கல்யாணமாகி மூன்று வருசத்தில் நான் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்னும் சோறு வேண்டுமா என்பதைக்கூடக் கரண்டியால் குண்டாவைத் தட்டித்தான் கேட்பேன்.

என் முகத்தைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் மிக்ஸித் திருகைக் கொண்டு வந்தார். மூன்றுக்கும் தனித்தனி ஒயர் இழுத்தார். யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் உள்ளே இருந்த ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரையும் வெட்டி, நேராகத் திருகோடு சேர்த்து ஈயத்தால் பற்றவைத்துவிட்டார். திருப்பினால் சின்னதாக ஒரு ‘டிக்’, அவ்வளவுதான். கோழிகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. மூன்றுக்கும் இனி வீட்டில் வாய் கிடையாது என்பது யாருக்கும் அப்போது உறைக்கவில்லை. என் மாமியாரான அத்தைக்குத்தான் விடிந்ததும் உறைத்தது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கோழிகளோடு உட்கார்ந்து பக்திப் பாட்டுக் கேட்டார்.

அடுத்த ஞாயிறு படம் பார்க்க ஊரே வந்து உட்கார்ந்தது. திருகு மூன்றில் இருந்தது. நான் கொட்டகையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். இருபதடி தள்ளி வீட்டு ஜன்னல். கொட்டகைக்குச் சுவர் கிடையாது, கம்பி வலைதான். அங்கே பேசுவதெல்லாம் இங்கே கேட்கும்.

"என்றா, ஊமைப் படமா இது?" என்றார் மாமா.

"கொட்டாயில நல்லாக் கேக்குதுங்கப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப நாங்கெல்லாம் போயி அடைகாத்துக்கிட்டே கேக்கறதா? அம்மிணி அங்கதான இருக்குது, அதையக் கேளு. படத்துல அவ எதுக்கு அழுவறாளாமா?"

நான் மாமாவிடம் நேராகப் பேசமாட்டேன் என்பதால் அத்தை வலையோரம் வந்து நின்றுகொண்டார். நான் மெதுவாகச் சொல்வது, அவர் வீட்டைப் பார்த்துக் கத்துவது என்று ஆயிற்று.

"அவிய இல்லாட்டி இருக்க முடியாதாமுங்க அத்தை" என்பேன்.

"அவன் இல்லாட்டி சோறு எறங்காதாமா! இப்படித்தான் சொல்லுவாளுக, பொறவு ரெண்டு சோறு சேத்தித் திம்பாளுக!" என்று அத்தை சொந்தச் சரக்கையும் சேர்த்து அனுப்புவார். வீட்டில் ஒரே சிரிப்பு.

பாதிப் படத்தில் கரண்ட் போனது. சிம்னி விளக்கைத் தேடி அத்தை உள்ளே ஓடிவிட்டார்.

கொட்டகையில் சத்தம் பட்டென்று நின்றது. அத்தனை கோழியும் ஒன்றாகத் தலையைத் தூக்கின. தூரத்தில் ரிக் லாரி ஒன்று தடத்தில் ஏறும் உறுமல். மூலைப் பக்கம் நாலைந்து கோழி நகர ஆரம்பித்துவிட்டது. அப்பாவின் மடியில் இருந்த டிவிதான் என் கண்முன்னால் வந்தது. நான் வாயைத் திறந்தேன். படம் விட்ட இடத்திலிருந்து, என் தொண்டையில் இருக்கும் என்று நானே நினைக்காத சத்தத்தில் ஆரம்பித்தேன்.

கதாநாயகியைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அதற்குமேல் என்ன சொல்வது? அவளுக்கு ஒரு மாடு சீர் கொடுத்தேன். அந்த மாடு வந்த நேரம் வீட்டில் கோழி செத்துவிட்டதாக வைத்தேன். "மாமா! மாடு என்ன பண்ணுச்சுங்க? கட்டுன எடத்துல சும்மா நின்னுது! எங்கப்பா மடியில வெச்சுக் கொண்டாந்த மாடுங்க அது! அதைய விக்காதீங்க மாமா!" என்று அவள் அழுதாள். நானும் அழுதேன். லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. கோழிகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன.

திரும்பினால், வீட்டு வாசலில் ஊரே நின்றது. மாமா இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு, "யாரும் கிட்டப் போவாதீங்க, கோழி மெரண்டுக்கும்" என்று குசுகுசுத்தார். "நீ சொல்லு அம்மிணி, அக்கட்ட என்ன ஆச்சு?"

நல்லவேளை, கரண்ட் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே ஆம்ப்ளிஃபயரை அணைத்து வைத்திருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தை ஏற்றினார். மாமா டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார். ஒரு கோழியும் சாகவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த மாமா தட்டைப் பார்த்தபடியே, "மாட்ட விக்கல" என்றார். டிவியைத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கரண்டியால் குண்டாவைத் தட்டினேன்.

"சோறு போதும். அந்தப் புள்ள பொறவு என்ன ஆனா?"

எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? "மறுக்கா கரண்ட் போனாத்தானுங்க மாமா தெரியும்" என்றேன்.