ஹார்ல்ஸ்டனில் தைத்த தங்கநிற உடுப்பு

1993. ஜமைக்கர்களின் டான்ஸ்ஹால் ஆட்ட இசைக் கூட்டங்களைப் படமெடுக்க மறுபடியும் லண்டன் வந்திருக்கிறேன். எண்பதுகளில் வந்தபோது ஒலிபெருக்கிகளை அடுக்கும் ஆண்களைத்தான் எடுத்தேன். இப்போது எல்லாக் கண்களும் ஆட வரும் பெண்களின் உடுப்பில்.

லண்டனின் ஹார்ல்ஸ்டன் பகுதியில், யாழ்ப்பாணத்து ராணி அக்காவின் தையல் கடை. ஜமைக்காப் பெண் மார்சியா இன்றைய ஆட்டத்துக்கான தங்கநிற உடுப்பைப் போட்டுப் பார்க்கிறாள். முதுகுப் பக்கம் துணியே இல்லை. கேமராவைத் தூக்கியதும் அக்கா விலகுகிறார்.

“என்னை எடுக்காதேங்கோ தம்பி. இதெல்லாம் நான் தைக்கிறனான் எண்டு கோயில் சனத்துக்குத் தெரியாது.”

தமிழ் புரியாத மார்சியா, சிரித்தபடி அக்காவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்துகிறாள். அக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. மார்சியாவின் தோளைப் பிடித்துச் சற்றுத் திருப்பி நிறுத்துகிறார்.

“அப்ப முதுகும் தெரிய எடுங்கோ. அந்த வெட்டுக்குத்தான் நான் கஷ்டப்பட்டனான்.”