மூக்கில் எலுமிச்சம்பழம்

குன்னூர் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு எஸ்டேட் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை. அதற்கு மேலே, மூக்கோடு ஒட்டிப் பிடித்த எலுமிச்சம்பழம்.

"மூத்தவ திங்கக்கிழமை ஆறாவது சேருறா அம்மிணி. இந்த பஸ்ஸு ஒத்துக்குமான்னு போய்ப் பாத்துட்டு வரச் சொன்னா அவங்கம்மா. ஒத்துக்கலைன்னா அனுப்ப மாட்டாளாம்."

மூன்றாவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தார்.

"எங்க ஊட்டுல முதல்ல படிச்சவ நானுங்க. இதே பஸ்ஸுதான்" என்றேன்.

"வாந்தி?"

"ஒரு வருசம் எடுத்தேனுங்க. அப்புறம் நின்னுருச்சு."

மீசையைத் துடைத்துக்கொண்டார். "ஊட்டுல கேட்டா நல்லாத் தூங்கிட்டே போனேன்னு சொல்லிக்கறேன்."

திங்கட்கிழமை அதே பஸ்ஸில் அவருடைய மகள் முறுக்குத் தின்றுகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். பின்சீட்டில் அவர், கண்ணை இறுக மூடி, எலுமிச்சம்பழத்தோடு.

"இன்னும் ரெண்டு வளைவுதாம்ப்பா" என்று அவள் திரும்பிச் சொன்னாள்.

அவளோடு வர எத்தனை நாளைக்கு லீவு போட்டிருந்தாரோ.