ஆறாவது மாடி வீட்டுக்காரி

வீடு வாங்கப் போகிறவர்கள் சமையலறையைப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். பாப்பா நேராக மொட்டை மாடிக்கு ஏறி, லிஃப்டின் மெஷின் ரூமைத் திறக்கச் சொன்னாள். வீட்டைக் காட்ட வந்த தரகர் முழித்தார்.

"வீடு ஆறாவது மாடியில இருக்கும்மா."

"தெரியும். அதான் முதல்ல இதைப் பார்க்கணும்."

மோட்டாரின் மேல் கை வைத்துச் சூடு பார்த்தாள். கயிறுகளை டார்ச் அடித்து நுனி முதல் அடி வரை பார்த்தாள். தரகரைக் கீழே அனுப்பி லிஃப்டை இரண்டு தடவை ஏற்றி இறக்கச் சொல்லி, பிரேக் விழுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். மடக்குக் கதவு வைத்த பழைய லிஃப்ட்தான். ஆனால் யாரோ மனசு வைத்துப் பராமரித்திருக்கிறார்கள். கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்போ வீட்டைக் காட்டுங்க" என்றாள். அன்றைக்கே மனசுக்குள் வாங்கிவிட்டாள்.

பாப்பா என்றால் சின்னப் பிள்ளை இல்லை. வயது நாற்பத்து மூன்று. வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர், காதோரம் நரைத்த பிறகும் உதிரவில்லை. லிஃப்ட் கம்பெனியில் இருபத்தொரு வருஷமாக மெக்கானிக். அங்கே மட்டுமில்லை, ஊரில் லிஃப்ட் வேலை பார்க்கிற எல்லாருக்கும் அவள் 'லிஃப்ட் அக்கா'. வேலைக்கு எடுத்த அன்று அதிகாரி, "உயரம்னா பயமா?" என்று கேட்டார். "உயரத்துக்குப் பயமில்ல சார். இந்த மாதிரிக் கேள்விக்குத்தான்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்துவிட்டது.

பெண் பார்க்க வந்தவர்கள் இல்லாமல் இல்லை. அவளுடைய முப்பத்து நான்காவது வயதில் வந்தவர் நல்ல மனிதர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பாப்பாவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சேர்ந்து நடந்தார்கள். மூன்றாவது வாரம் அவர், "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த லிஃப்டுக் கயிறு, குழியெல்லாம் வேண்டாமே" என்றார். அவள் ஒரு வாரம் யோசித்து, வேண்டாம் என்று அவருக்கே போன் பண்ணிச் சொன்னாள். அண்ணி ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை.

அண்ணி லாண்டரி நடத்துகிறவள். அம்மா அப்பா போன பிறகு பாப்பாவை வைத்துப் பார்த்துக்கொண்டவள். பாசத்துக்குக் குறைவில்லை, பேச்சுக்கும் குறைவில்லை. "உனக்குன்னு ஒரு குடும்பம் வேண்டாமா?" என்பதை வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

நாற்பத்தொரு வயதில் கட்டி என்று சொல்லி டாக்டர்கள் பாப்பாவின் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சபையிலிருந்து வரிசையாக வந்து அழுதுவிட்டுப் போனார்கள். அவர்கள் முன்னால் அவள் அழவில்லை. வீடு காலியான பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒரு வாரம். குழந்தை வேண்டும் என்று அவள் ராப்பகலாக ஏங்கியவள் இல்லை. ஆனாலும் ஒரு கதவை யாரோ வெளியிலிருந்து பூட்டிவிட்டால், அந்தக் கதவு வழியாகப் போகவே நினைக்காதவளுக்கும் நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். ஆண்டவரிடம் சண்டை போட்டாள். வார்த்தையாகப் பதில் எதுவும் வரவில்லை. எட்டாம் நாள் காலையில் அகோரப் பசியோடு விழித்தாள், வயிறு முட்டச் சாப்பிட்டாள். அதுதான் பதிலா, வெறும் பசியா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. உடம்பு தேறியதும் வேலைக்குப் போனாள். லிஃப்டின் கூரை மேல் ஏறும்போதெல்லாம் சொல்லுகிற ஒரு வரி ஜெபத்தை அன்றைக்கும் சொன்னாள்: "ஆண்டவரே, ஏறுறேன்."

சபையில்தான் அவளை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. வாலிபர் சங்கத்தில் முப்பத்தைந்து முடிந்ததும் கேக் வெட்டி வழியனுப்பிவிட்டார்கள். பெண்கள் சங்கத்தில் எல்லாக் கூட்டமும் "அன்பான தாய்மார்களே" என்று ஆரம்பிக்கும். அவள் போன முதல் கூட்டத்தில் மருமகளோடு ஒத்துப்போவது எப்படி என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். "எனக்கு மருமக வந்தா உபயோகப்படும்" என்று பக்கத்திலிருந்த நர்ஸின் காதில் சொன்னாள் பாப்பா. நர்ஸும் கல்யாணம் ஆகாதவள், ஐம்பதைத் தொட்டவள். சிரிப்பை அடக்கப் போய் இருமித் தள்ளினாள்.

சங்கத்தின் செயலாளர் அம்மா தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெபக் குறிப்பு நோட்டு அவர் கையில்தான். அதில் பாப்பாவின் பெயர் பல வருஷமாகத் 'திருமணத் தடை' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு 'ஆறுதல் தேவைப்படுவோர்' பட்டியலுக்கு மாறியது. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

வீடு வாங்கிய செய்தி பரவியதும் கேள்விகள் வந்தன. "ஒத்த ஆளுக்கு எதுக்கு ரெண்டு ரூம்?" "யாருக்குன்னு வாங்குற?" அண்ணிகூடக் கேட்டாள். "எனக்குன்னுதான் அண்ணி" என்றாள் பாப்பா. அதைச் சொல்லும்போது அவளுக்கே உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாவி கைக்கு வந்த நாளிலிருந்து வேலை முடிந்ததும் ஓடிப்போய், சாமான் இல்லாத அறைகளில் செருப்பில்லாமல் நடப்பாள். எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று சுவரில் பென்சிலால் குறித்து வைத்தாள்.

புதுவீட்டு ஜெபத்துக்கு நாள் குறித்ததும் போதகர் போன் பண்ணினார். "ஒரு சின்ன விஷயம்மா. ஜெப முறைமையில இல்லத் தலைவரும் தலைவியும் முன்னால வந்து நிக்கணும்னு இருக்கு. உங்க அண்ணனை நிக்க வெச்சிடலாமா?"

"அண்ணன் அவர் வீட்டுக்கு நின்னாச்சு ஐயா. இதுக்கு நானே நிக்கிறேன்."

போதகர் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அதுவும் சரிதான்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு ஜெபம். மூன்றரைக்கு பாப்பாவும் அண்ணியும் மேலே நாற்காலி விரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் போதகரும் கீழே நின்று வருகிறவர்களை வரவேற்றார்கள். அப்போது நர்ஸிடமிருந்து போன்.

"பாப்பா, லிஃப்டுல மாட்டிக்கிட்டோம். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல."

"எத்தனை பேர்?"

"சங்கத்து ஆளுங்க அஞ்சு பேர். கூடவே உனக்குக் கொண்டுவந்த நிலைக்கண்ணாடி. அதோட மூலை கதவுக் கம்பிக்கு வெளிய போய், அஞ்சாவது மாடித் தரைக்கு அடியில சிக்கிக்கிச்சு. செயலாளர் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது. நாடி பார்த்துட்டேன், பயம்தான், வேற ஒண்ணுமில்ல."

"யாரும் கதவைத் தொடாதீங்க. கண்ணாடியை இழுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். எல்லாரும் பின்சுவரோட ஒட்டி நில்லுங்க. வர்றேன்."

அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஆள் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். தன் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் சொன்னதும் அந்தப் பக்கம் குரலே மாறிவிட்டது. "அக்கா, நீங்களா? அப்ப நீங்களே இறக்கிடுங்க." பாப்பா புடவையைத் தூக்கிச் செருகினாள். இது இரண்டு பேர் வேலை. சுற்றிப் பார்த்தாள். அண்ணிதான் இருந்தாள். இருபது வருஷம் இஸ்திரிப் பெட்டி தூக்கிய கை.

"அண்ணி, என்கூட வாங்க."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"தெரிய வேண்டாம். சொன்னதைச் செஞ்சா போதும். உங்களுக்கு அதுதான் கஷ்டம்."

காவலாளியிடம் சாவி வாங்கி, மெஷின் ரூமுக்குள் நுழைந்ததும் முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். அண்ணனைப் போனில் கூப்பிட்டு நாலாவது மாடிக் கதவு முன்னால் நிற்கச் சொன்னாள். மோட்டாரின் தண்டில் கைச்சக்கரத்தை மாட்டினாள். பிரேக் லீவரை அண்ணியின் கையில் கொடுத்தாள்.

"நான் 'ம்'னா அழுத்துங்க. 'போதும்'னா அந்த நிமிஷமே விடணும். அழுத்தினா பிரேக் திறக்கும், உள்ள ஆள் நிறைய இருக்கறதால லிஃப்ட் தானா கீழ இறங்கும். ஓடிடாம நான் சக்கரத்தைப் பிடிச்சுக்கறேன்."

அண்ணி லீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கயிறுகள் கீழே போகும் துளைகள் வழியாகக் குரல்கள் மேலே வந்தன. கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. செயலாளர் அம்மா சத்தமாக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"ஆண்டவரே, ஏற்ற காலத்துல இந்தப் பிள்ளைக்கு நீர் ஒரு துணையைக் கொடுத்திருந்தீரானால், இன்னைக்கு ஒரு ஆண்மகன் ஓடிவந்து எங்களை இறக்கியிருப்பாரே..."

பாப்பா சக்கரத்தைப் பிடித்தபடி அண்ணியைப் பார்த்தாள். இந்த ஜெபத்தை அண்ணியும் எத்தனையோ தடவை பண்ணியவள்தான். ஆனால் இப்போது அவள் முகம் சிவந்தது. துளைக்குப் பக்கத்தில் குனிந்து கத்தினாள்.

"அக்கா, அந்த ஜெபத்தைக் கொஞ்சம் நிறுத்துங்க. மேல உங்க உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறதே அவதான். அவளுக்குக் கை வழுக்காம இருக்கணும்னு ஜெபம் பண்ணுங்க."

கீழே ஜெபம் பாதியில் நின்றது. பிறகு நர்ஸ் சிரிப்பது மட்டும் கேட்டது.

"ம்" என்றாள் பாப்பா.

அண்ணி அழுத்தினாள். சக்கரம் பாப்பாவின் உள்ளங்கையில் உயிர் வந்ததுபோல் திமிறியது. விரற்கடை அளவு இறங்கியதும், "போதும்." பிரேக் டக்கென்று விழுந்தது. நர்ஸ் கீழிருந்து சொன்னாள்: "கண்ணாடி கழண்டிருச்சு. உள்ள இழுத்துட்டோம்."

"ம்." "போதும்." "ம்." "போதும்." ஐந்தாறு தடவைக்குப் பிறகு அண்ணிக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. பாப்பா வாயைத் திறப்பதற்குள் அவள் உதட்டைப் பார்த்தே அழுத்தினாள், விட்டாள். இருவருக்கும் வேர்வை ஆறாக ஓடியது. எதற்கென்று தெரியாமல் அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள், பாப்பாவும் சிரித்தாள். கயிற்றில் நாலாவது மாடிக்கென்று பூசியிருந்த மஞ்சள் வர்ணம் மெல்ல வந்து, துளைக்குப் பக்கத்தில் தரையில் போட்டிருந்த குறிக்கு நேராக நின்றது.

"தரை சமமா வந்திருச்சு" என்று அண்ணன் கத்தினான். மடக்குக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக வெளியே வரும் காலடிச் சத்தத்தை பாப்பா எண்ணினாள். ஐந்து. அதன் பிறகுதான் சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள்.

அண்ணி லீவரை விடாமல் நின்றாள். "தினமும் இதுதான் செய்றியா?"

"தினமும் இல்ல. மாசத்துக்கு ரெண்டு மூணு."

"சொன்னதே இல்லையே."

"நீங்க வேற விஷயம் கேட்டுக்கிட்டே இருந்தீங்க அண்ணி."

அண்ணி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

ஜெபம் ஐந்து மணிக்குத்தான் ஆரம்பித்தது. எல்லாரும் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். பாப்பா தனியாக முன்னால் நின்றாள், நகக்கண்ணில் கிரீஸோடு. போதகரின் தாளில் 'இல்லத் தலைவரும் தலைவியும்' என்பது பேனாவால் அடிக்கப்பட்டு, மேலே 'இல்லத் தலைவி' என்று எழுதியிருந்தது. நன்றாகத்தான் போனது. நடுவில் அவர் ஒரு பக்கத்தைத் திருப்பியவர், சட்டென்று நின்றுவிட்டார். அடுத்து இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான ஆசீர்வாதம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அதை மாற்றி எழுத அவர் மறந்திருந்தார். பாப்பாவுக்கு ஒரு முள் குத்தத்தான் செய்தது.

"அடுத்த பக்கம் ஐயா" என்றாள், சாதாரணமாக.

நர்ஸ்தான் முதலில் சிரித்தாள். பிறகு போதகர். பிறகு எல்லாரும். அந்தச் சிரிப்போடு பாப்பா கண்ணை மூடி, தன் வார்த்தையிலேயே நன்றி சொன்னாள். வெயில் வரும் ஜன்னல்களுக்கு, உழைக்கிற கைகளுக்கு, அண்ணிக்கு. சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்துகொண்டே போனது. இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் சபைக்கு முன்னால் காட்டியதே இல்லை.

திங்கட்கிழமை காலையில் செயலாளர் அம்மா போன் பண்ணினார். தன் வீட்டு லிஃப்டை ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள். அதன் பிறகும் அவர் போனை வைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நோட்டை எடுத்து வெச்சிருக்கேன். உன் பேருக்கு எதிர்ல இருந்ததை அடிச்சிட்டேன். உனக்காக என்ன ஜெபம் பண்ணணும்? நீயே சொல்லு."

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. சொல்ல ஆரம்பித்ததும் வார்த்தைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன.

"அடுத்த மாசம் இருபத்திரண்டு மாடிக் கட்டடம் ஒண்ணு வருதும்மா. நாலு லிஃப்ட். மாட்டுற வேலை முழுக்க முதல் தடவையா என் பொறுப்புல. ஏழு பேர் எனக்குக் கீழ. ராத்திரி தூங்கும்போதுகூட அந்த வரைபடம்தான் கண்ணுல வருது. யாருக்கும் ஒரு கீறல் விழாம அது முடியணும்."

"இருபத்திரண்டா?" எழுதுகிற சத்தம் கேட்டது. "நாலு லிஃப்ட். ஏழு பேர். வேற?"

"வேற... நர்ஸும் நானும் மாதிரி இருக்கிறவங்களுக்கும் சேர்த்து ஒரு கூட்டம் போடுங்க. மருமக விஷயம் வேண்டாம்."

"தலைப்பு நீயே குடு" என்றார் செயலாளர் அம்மா.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஜெபக் குறிப்புகளை வாசித்தார்கள். நோயாளிகள், பரீட்சை எழுதுகிறவர்கள், பயணம் போகிறவர்கள். அதற்குப் பிறகு, "நம் சகோதரியின் இருபத்திரண்டு மாடி" என்று போதகர் வாசித்ததும், முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை தலைகள் திரும்பின. பாப்பா அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி பக்கத்து இருக்கைக்காரியிடம் குனிந்து, "நாலு லிஃப்ட்" என்று கிசுகிசுத்தாள்.