படத்திறப்புக் குரல்

என் மருமகளின் கல்யாணத்தில் வாழ்த்துக் கவிதை சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மருமகள் என்றால் தங்கை மகள். தாய்மாமனுக்கு மேடையில் இடம் உண்டு. கவிதை சொல்கிறவன் என்பதால் மைக்கும் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன்.

அருப்புக்கோட்டையில் விதைக்கடை வைத்திருக்கிறேன். என் கவிதை எதுவும் அச்சில் வந்ததில்லை. மனப்பாடமாக்கிக்கொண்டு மேடையில் வாயால் சொல்வதுதான் என் வழி. ஆரம்பத்தில் கோயில் பொங்கல், பள்ளி ஆண்டுவிழா என்று கூப்பிட்டார்கள். பிறகு எம்.ரெட்டியபட்டியில் ஒரு பெரியவரின் படத்திறப்புக்கு அழைப்பு வந்தது. காரியம் முடிந்ததும் பந்தல் போட்டு, இறந்தவரின் படத்தைத் திறந்துவைத்து நாலு பேர் பேசுவார்கள். ஆலமரம் சாய்ந்தது, விளக்கு அணைந்தது என்று யாருக்கும் பொருந்துகிற பேச்சு. எனக்கு அது பிடிக்காது. முந்தின நாளே அந்த வீட்டுக்குப் போய் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அவுக கடைசியா எதுக்குச் சத்தம் போட்டாக?"

கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் மோட்டார் ஓடுகிறது என்று மகனைத் திட்டினாராம். அதையே மறுநாள் மேடையில் சொன்னேன்:

தண்ணி இல்லாத கிணத்துக்கும்
காவல் இருந்த மனுசன்
இன்னைக்குச் சுவத்துல இருக்காரு.

கவியரங்க வழக்கப்படி வரிகளை இரண்டு முறை சொல்வேன். முதல் முறை கூட்டம் சிரித்தது. இரண்டாம் முறை மகன் உடைந்து அழுதார்.

அதோடு என் விதி முடிவாகிவிட்டது. பரளச்சி, காரியாபட்டி, திருச்சுழி என்று எங்கே சாவு விழுந்தாலும் கூப்பிட்டார்கள். மற்ற மேடைகள் ஒவ்வொன்றாக நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. பேர் பரவுகிறது என்றுதான் நினைத்தேன். கடைக்கு மக்காச்சோள விதை வாங்க வந்த ஒருவர் சொன்னார்: "அண்ணாச்சி, எங்க ஊருப் பக்கம் சும்மா வராதீக. போன வாரம் நீங்க டீ குடிக்க நின்னதுக்கே, வீட்டுக்கு வீடு தாத்தாவ எழுப்பி உக்கார வச்சுட்டாக." நானும் சேர்ந்து சிரித்தேன். காய்ச்சலில் கிடந்த நண்பனைப் பார்க்கப் போனபோது, "ஏலே, நான் இன்னும் இருக்கேன். போயிட்டுப் பெறகு வா" என்றான் அவன். அவன் மனைவி சிரிக்கவில்லை. காப்பியும் வரவில்லை.

கல்யாணத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது தங்கை கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு விதைப் பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சீர்த்தட்டு நீதான் எடுக்கணும்ணே. மாலையும் நீதான் எடுத்துக் குடுக்கணும்."

"அதுக்கென்ன. கவிதையும் ரெடியா இருக்கு."

"அது வேண்டாம்ணே."

"ஏன்?"

"ஒன் கொரலக் கேட்டா சனங்களுக்கு என்ன நெனப்பு வரும்னு ஒனக்குத் தெரியாதா? மாப்பிள்ளையோட தாத்தா வேற முன்னாடி உக்காந்திருப்பாக."

"நான் அவுகளப் பத்தியா சொல்லப் போறேன்? நம்ம பிள்ளையப் பத்தி."

"நீ யாரப் பத்திச் சொன்னாலும் மாலை போட்ட படம்தான் கண்ணு முன்னால வருது."

பரளச்சியில் அவளுடைய மாமனாரின் படத்திறப்பில் நான் சொன்னதைத் தன் போனில் பதிவு செய்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியவள் அவள்தான். அதை அவளுக்கு நினைவுபடுத்தவில்லை. பாக்கெட்டை வாங்கி எடுத்த இடத்தில் வைத்தேன்.

கல்யாணத்தன்று வாழ்த்துச் சொல்ல மதுரையிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்கள். பெண்ணை நிலா என்றார், மாப்பிள்ளையைச் சூரியன் என்றார். பிறகு மாப்பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவருடைய அப்பாவின் பெயரைச் சொன்னார். கல்யாண மகால் முழுக்கக் கைதட்டியது. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தாம்பாளத்தோடு ஓரமாக நின்றேன். என் வரிகள் வரிசை குலையாமல் வாய்க்குள்ளேயே இருந்தன.

பந்தி தொடங்கியதும் மாப்பிள்ளையின் அப்பா என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார்.

"அண்ணாச்சி, பரளச்சியில நீங்க சொன்னத போன்ல கேட்டேன். நெஞ்சு அடைச்சுப் போச்சு. எங்க அப்பாவுக்கும் நீங்கதான் சொல்லணும். வயசாயிருச்சு பாருங்க. இப்பவே சொல்லி வச்சுருவோம்னுதான்."

அவருடைய அப்பா முதல் வரிசை இலையில் உட்கார்ந்து அப்பளத்தைப் பாயசத்தில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பவே மேடை ஏறிச் சொல்றேனே. அவுகளும் காது குளிரக் கேக்கட்டும்" என்றேன்.

அவர் என் கையை விட்டார். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு அண்ணாச்சி இது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

தூரத்திலிருந்து பார்த்த தங்கை ஓடி வந்தாள்.

"அவுகள என்ன சொன்ன? மூஞ்சியத் தூக்கிட்டுப் போறாக."

நடந்ததைச் சொன்னேன். படத்திறப்பைப் பற்றி அவர் கேட்டதையும் சொன்னேன். அவளுக்கு அது ஒரு நிமிடம்கூடத் தப்பாகப் படவில்லை.

"மாட்டேன்னு சொல்லிறாதண்ணே. சம்பந்தி வீடு. பிள்ளை அங்க போய் வாழணும்."

"இன்னைக்கு மட்டும் என் கொரல் ஆகாது. அப்படித்தான?"

"அது வேற, இது வேறண்ணே" என்றாள். அவள் பார்வை சம்பந்தியைத் தேடிக்கொண்டிருந்தது.

நானும் தேடினேன். தாம்பூலப் பை கொடுக்கும் இடத்தில் நின்றிருந்தார். கண்டிப்பாக வருகிறேன், நானே சொல்கிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்து என் நம்பரைப் போனில் பதிந்துகொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் தங்கைக்கு மூச்சு வந்தது. அடுத்த பந்தியில் எனக்கு இலை போடச் சொன்னாள்.