எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, சுவாமி

அம்மா செத்த மறு வருடம்தான் என் சிறுவயதில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த வருடம். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்களின் முகம் ஒரு மாதிரிப் போகும். போகட்டும். உள்ளதைத்தானே சொல்லலாம். அந்த வருடத்தில்தான் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது. அந்த வருடத்தில்தான் நான் முதன்முதலாகக் கோச்சி, அதுதான் ரயில், ஏறி யாழ்ப்பாணம் பார்த்தேன், மாட்டு வண்டியில் மடு மாதா கோவிலுக்குப் போனேன். அதற்கு முன்னம் முல்லைத்தீவுக் கடற்கரையை விட்டு நான் எங்கும் போனதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பது வயதோ. தங்கச்சியைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டார். அம்மாவின் அண்ணன், என் மாமா, வேலிக்கு அடுத்த பக்கம் இருந்தார். மாமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார். எங்கள் வீட்டில் எங்களைப் பெற்ற ஐயாவும் நானும் மிஞ்சினோம்.

ஐயா விடியமுன்னம் கடலுக்குப் போய் வெயில் ஏறத்தான் கரைக்கு வருவார். முதலில் மாமிதான் சோறு தந்துவிட்டார். ஒரு நாள் நானே உலை வைத்தேன். ஐயா சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, "உப்பு அளவாயிருக்கு" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் மாமி நீட்டிய சோற்றுச் சட்டியை வேலிக்கு அங்காலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். பள்ளிக்கூடம் அதோடு நின்றது. நான் கவலைப்பட்டதாக ஞாபகம் இல்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பது இன்றைக்கும் எனக்கு மெதுவாகத்தான் வரும்; ஆனால் எட்டு வயதில் என்னைப் போல் பாரை மீன் வெட்டிய பெட்டை அந்தக் கரையில் வேறு இல்லை. தேங்காய் துருவுவேன், சொதி வைப்பேன். சோறு வடிப்பதுதான் கொஞ்சம் பாரம். பானை என்னை இழுக்கும். சில நாள் சுடுகஞ்சி கையில் ஊற்றுப்படும். ஒருவருக்கும் சொல்லமாட்டேன். தலைமயிரைப் பின்னால் இழுத்துப் பின்னுவதற்கு மட்டும் என் கை எட்டவில்லை. குறை என்று ஒன்று இருந்தால் அது ஒன்றுதான். அதையும் நான் வெளியில் விடவில்லை.

எங்கள் கரையில் அது ஒரு பழக்கம். வலையில் ஒரு மீனும் விழாமல் வந்தவனைக் கேட்டாலும், "குறையில்லை" என்றுதான் சொல்லுவான். வீட்டில் இல்லாததை அடுத்தவன் காதில் போடக் கூடாது என்று அம்மாவும் சொல்லித்தான் வளர்த்திருந்தார்.

அம்மாவின் ஆண்டுப் பூசைக்குச் சின்னம்மா வந்தார். அம்மாவின் கடைசித் தங்கச்சி. யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்தில் தையல் பழகிக்கொண்டிருந்தார். அங்கேயே கன்னியாஸ்திரியாக நின்றுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மடத்திலும் சம்மதித்து ஓம் என்றிருந்தார்கள். மாமாவுக்கு வேறு எண்ணம். பூசை முடிந்து வந்து முற்றத்தில் பாயை விரித்ததும் கதையைத் தொடங்கிவிட்டார்.

"வெளியில இருந்து ஒருத்தியைக் கொண்டந்தா அவள் எங்கட தங்கச்சியின்ர பிள்ளையளைப் பாப்பாளோ? நீ பாக்காம வேற ஆர் பாக்கிறது?"

சின்னம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயாதான் வாயைத் திறந்தார். "அவவின்ர விருப்பத்தைக் கேளுங்கோ, மச்சான். நான் ஒருத்தரையும் வில்லங்கப்படுத்தமாட்டன்."

சின்னம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாமா வீட்டில் தங்கியிருந்தார். ஒரு நாள் எங்கள் குசினி வாசலில் வந்து நின்று நான் சோறு வடிப்பதைப் பார்த்தார். "எப்பிடிச் சின்னம்மா என்ர வேலை?" என்று கேட்டேன். அவர் சட்டென்று திரும்பிப் போய்விட்டார். மடத்தில் இருந்தவர், சமையல் தெரியாது, பொறாமைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கிழமையே அவர் மாமாவிடம் ஓம் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டபோது எனக்குப் பெரிய சந்தோஷம். கல்யாணம் என்றால் பலகாரம் வரும். தலை பின்னவும் ஆள் கிடைக்கும்.

ஆனால் எங்கள் கத்தோலிக்க வேதத்தில் செத்தவளின் தங்கச்சியைக் கட்டுவது லேசான காரியம் இல்லை. அதற்கு மேற்றிராணியார் உத்தரவு தர வேண்டும். ஆயரை அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்லுவோம். தக்க நியாயம் இல்லாமல் அவர் உத்தரவு தரமாட்டார். "யாழ்ப்பாணம் போய் நியாயத்தைச் சொல்லுங்கோ, மூத்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று எங்கள் கோவில் பாதிரியாரான பங்குச் சுவாமி சொல்லிவிட்டார்.

பயணத்துக்கு நான் எதை உடுப்பது என்பதில் சண்டை வந்தது. மாமா என் பழைய கிழிசல் சட்டையே போதும் என்றார். சின்னம்மா மாமியின் மெசினில் எனக்குப் புதுச் சட்டை தைத்துவிட்டார், கழுத்தில் சுருக்கு வைத்து.

"தாயில்லாப் பிள்ளை எண்டு காட்டப் போறம்," என்றார் மாமா. "நீ துரையின்ர மகள் மாதிரி வெளிக்கிடுத்தி வைச்சிருக்கிறாய்."

"பிச்சைக்கோ போறம், அண்ணை?" என்றார் சின்னம்மா. அதோடு மாமா அடங்கினார்.

பரந்தன் மட்டும் பஸ்ஸில் போய், அங்கே கோச்சி ஏறினோம். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர். "கடல், பார்" என்றார் மாமா. முழங்கால் அளவு தண்ணீரில் கொக்கு நடந்துபோனது. "இதையோ கடல் எண்டுறியள்?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த ஆட்கள் சிரித்தார்கள். மாமா என்னைக் கிட்ட இழுத்து வைத்துப் பாடம் சொல்லித்தரத் தொடங்கினார்.

"சுவாமி கேட்டா என்ன சொல்லுவாய்?"

"என்ன கேட்டா?"

"என்ன கேட்டாலும்! எங்களைப் பாக்க ஆக்கள் இல்லை, சுவாமி எண்டு சொல்லு. சொல்லிப்போட்டு அழு."

"அழுகை வராட்டி?"

"நான் பின்னால நிண்டு கிள்ளுறன்."

ஐயா இதையெல்லாம் கேட்டும் கேட்காதவர் போல் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

மேற்றிராணியார் வீட்டில் நாங்கள் கண்டது மேற்றிராணியாரை இல்லை, அவருக்காக விசாரிக்கிற ஒரு கிழட்டு வெள்ளைக்காரச் சுவாமியை. நெஞ்சு மட்டும் நீண்ட தாடி. செபப் புத்தகத்தில் உள்ளது போலத்தான் தமிழ் கதைத்தார். எனக்கு விசுக்கோத்துத் தந்து கதிரையில் இருத்தினார். மாமா நியாயம் எல்லாம் சொல்லி முடித்தார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதில்லை என்றும், பிள்ளைகள் தெருவில் நிற்பதாகவும் அவர் சொன்னபோது எனக்குக் காதெல்லாம் சுட்டது. சுவாமி என் பக்கம் திரும்பினார்.

"மகளே, தாயை இழந்த உனக்கு வீட்டில் யாது குறை உண்டு?"

மாமா இருமினார். எனக்கு நல்ல ஞாபகம், நான் கதிரையை விட்டு இறங்கி, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நேராக நின்று சொன்னேன்.

"எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, சுவாமி."

"குறை இல்லையா?"

"இல்லை. நான்தான் சோறு காய்ச்சுறனான். மீன் வெட்டுவன், கறி வைப்பன். ஐயாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு. பின்னேரத்தில போய்த் தங்கச்சியையும் குளிப்பாட்டுவன். எங்கட அடுப்பு ஒரு நாளும் எரியாம இருந்ததில்லை."

"பிள்ளை பயத்தில சொல்லுது, சுவாமி," என்று மாமா எழும்பினார்.

"எனக்கென்ன பயம்?" என்றேன்.

குறை இல்லை என்ற அந்தச் சொல் பொய் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. சுவாமி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோய்ச் சின்னம்மாவை ஒரு பார்வை பார்த்தார். ஐயாவையும் மாமாவையும் வெளியில் போய் இருக்கச் சொன்னார். மாமா போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கிள்ளு இருந்தது. நான் விசுக்கோத்து முடியவில்லை என்று அங்கேயே நின்றுகொண்டேன். என்னை ஒருவரும் போகச் சொல்லவில்லை.

"நீ மடத்தில் சேர விரும்பியவள் அல்லவா?" என்று சுவாமி சின்னம்மாவைக் கேட்டார்.

"ஓம், சுவாமி."

"இந்தப் பிள்ளை தங்களுக்குக் குறையில்லை என்கிறாள். போதிய நியாயம் இல்லையென்று நான் எழுதிவிடலாம். உன் தமையன் என்னைத்தான் ஏசுவான், உன்னை அல்ல. மடம் இந்தத் தெருவின் முடிவில் இருக்கிறது. இன்றைக்கே நீ போகலாம்."

வெளியில் யாரோ முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்டது. சின்னம்மா யன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு, என் வலது கையைப் பிடித்து, சட்டைக் கையை மேலே தள்ளி, மேசையில் வைத்தார். கஞ்சி ஊற்றுப்பட்ட இடங்கள் சில பழையதாகிக் கறுத்தும், ஒன்று புதிதாகச் சிவந்தும் இருந்தன.

"பிள்ளை சொன்னதெல்லாம் மெய், சுவாமி," என்றார். "அண்ணை சொன்னதுதான் பொய். எல்லா வேலையும் இவள்தான் செய்யிறாள். குறையில்லை எண்டும் சொல்லுறாள். இப்பிடியே இன்னும் கொஞ்சக் காலம் போனா, குறை எண்டா என்னெண்டே இவளுக்குத் தெரியாமப் போயிடும். அதுக்காகத்தான் நான் கட்டுறன். வேற நியாயம் என்னட்டை இல்லை."

சுவாமி தாடியைத் தடவிக்கொண்டு என் கையைப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்தார்.

உத்தரவு கிடைத்தது என்று தெரிந்ததும் மாமா எங்களுக்குச் சோடா வாங்கித் தந்தார். தன்னுடைய கதைதான் காரியத்தை முடித்தது என்று அவர் சாகும் மட்டும் நம்பினார். நான் மட்டும் திரும்பி வரும் வழியெல்லாம் மறுபக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனையிறவு தாண்டின பிறகு சின்னம்மா என் நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பினார்.

"என்னடி மூஞ்சையை நீட்டிக்கொண்டு வாறாய்?"

"நீங்கள் ஏன் சுவாமியிட்டை என்ர கையைக் காட்டினீங்கள்? எனக்கு வடிக்கத் தெரியாது எண்டெல்லோ அவர் நினைச்சிருப்பார்."

சின்னம்மா சிரிக்கத் தொடங்கினார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மா செத்த பிறகு எங்கள் ஆட்களில் ஒருவர் அப்படிச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். ஐயா யன்னலை விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாம் தாரம் என்பதால் கல்யாணம் விடியற்காலைப் பூசையோடு முடிந்தது. மேளம் இல்லை, ஊர்வலம் இல்லை. பலகாரம் இருந்தது. ஐயா அதுவரை சின்னம்மாவைப் பிள்ளை என்றுதான் கூப்பிட்டு வந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கன நாளாக அவர் நிற்கிற பக்கம் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த நாள் காலையில் நான் வழக்கம் போலக் குசினிக்குப் போனேன். சின்னம்மா முன்னமே அங்கே நின்றார். என் கையிலிருந்த அகப்பையை வாங்கி வைத்துவிட்டு, "போய் விளையாடு," என்றார்.

"என்ன விளையாடுறது?"

"எனக்கென்ன தெரியும்? மாமான்ர பெட்டையளைக் கேள்."

முற்றத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். என் வீட்டில் என் அடுப்பை ஒருத்தி பறித்துவிட்டாள் என்று கோபம். பிறகு மாமாவின் பிள்ளைகள் கூப்பிட்டார்கள், போனேன். இரண்டு பின்னல் போட்டுக்கொண்டு திரும்பவும் பள்ளிக்கூடம் போனேன். தங்கச்சி எங்கள் வீட்டுக்கு வந்து நடை பழகினாள். ஐயா கரைக்கு வந்தால் நேரே வீட்டுக்கு வரத் தொடங்கினார். குறையில்லை என்று ஒருவரும் சொல்லிக்கொள்ளாத வருடம் அது. என் கையில் தழும்பெல்லாம் மங்கிப்போனது. அந்தச் சந்தோஷம் மழையைப் போலத் தானாக வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போனோம். மாங்குளம், மல்லாவி எல்லாம் கடந்து காட்டுப் பாதையில் வண்டி போனது. பிற்காலத்தில் யுத்தத்துக்குப் பயந்து அந்தப் பாதையெல்லாம் மூட்டை முடிச்சோடு ஓடியிருக்கிறேன். அப்படி ஓடி மல்லாவியில் ஒதுங்கியிருந்த நாளில்தான் சின்னம்மாவை அடக்கம் செய்தோம். அந்த வெள்ளைக்காரச் சுவாமி சொன்னதற்குப் பிறகு, யன்னல் பக்கம் பார்த்தபடி சின்னம்மா என்ன நினைத்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தத் தெருவின் முடிவு வரைக்கும் அன்றைக்கு அவருக்குப் பாதை திறந்து கிடந்தது என்பதும், அதைத் திறந்துவிட்டது என் பெருமைதான் என்பதும், எனக்குக் கல்யாணம் பேசி, "உன் முழு விருப்பத்தோடுதானே?" என்று சுவாமி என்னைக் கேட்ட அன்றைக்குத்தான் விளங்கியது. அப்போது வீட்டுக்கு ஓடிவந்து சின்னம்மாவைப் பார்த்தேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மடுவில் மரங்களுக்குக் கீழே ஓலைக் கொட்டில் போட்டு இருந்தோம். கடைசி நாள் காலை, சின்னம்மா மூன்று கல் வைத்துச் சோறு காய்ச்சிக்கொண்டிருந்தார். எங்கள் கொட்டிலுக்கு முன்னால் உள்ள பாதையால், கன்னியாஸ்திரிகள் சிலர் மடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாடிக்கொண்டு போனார்கள். சின்னம்மா அகப்பையோடு எழும்பி நின்றார். வரிசை மரங்களுக்குள் மறைந்த பிறகும் நின்றார்.

எனக்கு மூக்கில் மணம் பட்டது. ஓடிப்போய்ப் பானையை இறக்கினேன்.

"சின்னம்மா, சோறு அடிப்பிடிச்சுப் போச்சு!" என்று கத்தினேன். "நான் காய்ச்சின காலத்தில ஒரு நாளாவது அடிப்பிடிச்சதோ? ஐயாவைக் கேளுங்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மாவும் திரும்பிவந்து சிரித்தார். நான் என் கெட்டித்தனத்தை அடுத்த கொட்டிலுக்கும் சொல்லிக்கொண்டு ஓடினேன்.