இஸ்திரிப் பெட்டி சுற்றிய கை

1. கிராணியாரின் காப்பி

பிலோமினா எறிந்த முதல் பந்து, கணக்கெழுதுகிற கிராணியாரின் காப்பிக் கோப்பையை மேசையிலிருந்து தட்டிவிட்டது. இரண்டாவது தகரக் கூரையில் ஏறி உருண்டது. மூன்றாவது எங்கே போனது என்று நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே, மேனேஜர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

ஜப்பான்காரன் காலம் அது. பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் ராணுவ உடுப்பு வெளுக்கிற சலவைக் கூடம் ஒன்றில் எங்களுக்கு வேலை. நான் அலசுகிற தொட்டியில். பிலோமினா தேய்ப்பு மேசையில். இரண்டு பேருக்கும் சுங்கை பினாங்கில் பக்கத்துப் பக்கத்து வீடு.

ஜப்பான்கார மேனேஜருக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். எறிகிற பந்தை மட்டையால் அடித்துவிட்டு மூலை மூலையாக ஓடுகிற ஆட்டம். அவர் ஊரில் பெண்பிள்ளைகளும் ஆடுவார்களாம், கொஞ்சம் பெரிய பந்தை வைத்து. எறிகிறவள் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்ப் பின்பக்கமாக ஒரு முழு வட்டம் சுற்றி, கீழிருந்து, இடுப்போரமாகப் பந்தை விட வேண்டும். காற்றாலை சுற்றுகிற மாதிரி. எங்களில் ஒருத்திக்கும் அந்த வட்டம் வரவில்லை. தேய்ப்பு மேசைப் பக்கம் போனவர் பிலோமினாவைப் பார்த்து நின்றுவிட்டார்.

அப்போது எல்லாம் கரிப்பெட்டிதான். கரி கனிய வேண்டும் என்றால் பெட்டியைக் கையில் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டுவோம். பிலோமினா ஆட்ட மாட்டாள், சுற்றுவாள். சேவல் தலை வைத்த கொண்டியை இறுக்கிவிட்டு, நெருப்போடு பெட்டியைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இறக்குவாள். ஒரு பொறி சிந்தாது. நாங்கள் கைதட்டுவோம். கிராணியார் மட்டும் மேசைக்கு அடியில் குனிவார்.

அன்றைக்கே அவள் பந்து எறிகிறவள் ஆனாள். எதிரே உட்கார்ந்து பிடிக்கிற வேலை எனக்கு. தொட்டியில் வீசுகிற ஈரமூட்டையை நாள் முழுக்கப் பிடிக்கிறவள் என்று காரணம் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டதுதான் காரணம்.

அந்த மூன்று பந்துக்கும் பிறகு, தலையைத் தடவியபடி மேனேஜர் ஏதோ நீளமாகச் சொன்னார். கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர், இரவுப் பள்ளியில் கொஞ்சம் ஜப்பான் மொழி படித்தவர். அவர்தான் எங்களுக்கு எடுத்துச் சொல்வார்.

"பிள்ளை, கவனமாய்க் கேள். வாற மாசம் கயிற்றுத் தொழிற்சாலைப் பெட்டையளோட ஆட்டம். பெரிய அதிகாரி பார்க்க வாறார். நீ நேராய் எறியாட்டி உன்னைப் பாயான் லெப்பாஸ் விமானத் திடலுக்கு மண் சுமக்க அனுப்பிப்போடுவாராம்."

"அங்க போனா வீட்டுக்கு வர முடியுமா ஐயா?"

"கொங்சிக் கொட்டகையில தங்கிறதுதான். எப்ப விடுவினம் எண்டு ஆருக்குத் தெரியும்?"

பிலோமினாவின் அம்மாவுக்கு இரண்டு காலும் வராது. காலையில் தூக்கி உட்காரவைக்கவும் சாயங்காலம் தூக்கிப் படுக்கவைக்கவும் இவள் ஒருத்திதான்.

2. காகத்துக்கு ஐந்து விரல்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பழகுவதற்கு நேரம் கொடுத்தார்கள். மேனேஜர் வந்து சொல்லிக்கொடுப்பார். இங்கிலீஷ் வார்த்தை வாயில் வரக்கூடாது என்று உத்தரவு. நல்ல பந்துக்கு "யோஷி", கெட்ட பந்துக்கு "டாமே". பிலோமினா எறிந்ததெல்லாம் டாமே. ஒன்று வலப்பக்கம் பறக்கும், இல்லையென்றால் ஆகாசத்துக்கு ஏறும்.

"கைய நேரா கொண்டு வாயேன்டி," என்றேன்.

"நேராத்தான் வருது லா. பந்துதான் கோணலா போவுது."

கை நேராக வருகிறதா என்று பார்க்க எனக்கு ஒரு யோசனை வந்தது. கொடியில் படுக்கை விரிப்புகளை இரண்டு வரிசையாக நெருக்கிப் போட்டேன். நடுவே ஒரு ஆள் நிற்கிற சந்து. அதற்குள் நின்று அவள் வெறுங்கையைச் சுற்ற வேண்டும். கை விலகினால் துணியில் படும். அவள் கையில் எப்போதும் கரி இருக்கும் என்பதை நான் நினைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கிராணியார் வந்துவிட்டார். அதிகாரிகளுடைய விரிப்பில் கறுப்புக் கை.

"உது ஆற்ற கை?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிலோமினாதான் பேசினாள். "காக்கா உக்காந்திருக்கும் ஐயா."

"காகத்துக்கு அஞ்சு விரலோ? மோதிர விரல் வேற வடிவாய்த் தெரியுது."

அவர் திட்டிவிட்டுப் போன பிறகு, திரும்ப அலசுவதற்காக விரிப்பை இழுத்தேன். அப்போதுதான் பார்த்தேன். மேலே ஒரு அடையாளமும் இல்லை. தோள் உயரத்திலும் இல்லை. கறுப்புக் கை எல்லாம் வலப்பக்கத்து விரிப்பில், இடுப்பு உயரத்தில். மேலே நேராகச் சுற்றி வருகிற கை இடுப்புக்கிட்ட வந்ததும் ஒதுங்கி ஓடுகிறது.

"பிலோ, பெட்டிய ஒருதரம் சுத்திக் காட்டு."

சுற்றினாள். அதே வட்டம். இடுப்பைத் தாண்டும்போது பெட்டி ஒரு முழம் தள்ளிப் போனது.

"அங்க ஏன் தள்ளிக் கொண்டுபோற?"

"கிட்ட வந்தா பாவாடை பொசுங்கிடும் லா. இதக்கூடவா கேப்பாங்க?"

"சரி, பந்து ஏன் மேல போவுது? இடுப்புக்கிட்ட பந்த விடணும்ல?"

"பெட்டிய விட்டா யாரு கால்ல விழும்?"

சொல்லிவிட்டு அவளே வாயில் கைவைத்துக்கொண்டாள். மேனேஜர் பார்த்து மயங்கிய கை, பந்தையும் நெருப்புப் பெட்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

3. ஈரத் துண்டு

சூட்டுக்குப் பயந்த கைக்குக் குளிர்ச்சி காட்டினால் போதும் என்று தோன்றியது. ஒரு துண்டை மடித்து, தொட்டியில் முக்கி, அவள் வலது இடுப்பில் கட்டினேன். "சுத்தும்போது முழங்கைக்குக் கீழ இந்த ஈரம் படணும். பட்டாத்தான் சரி."

முதலில் கை கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தது. துண்டில் 'சளப்' என்று சத்தம் கேட்கிற பந்தெல்லாம் என் கைக்கு நேராக வந்தது. சத்தம் இல்லாத பந்தைப் பொறுக்க நான் வேலி வரைக்கும் ஓடினேன்.

பந்தை விடுவதற்குப் பழக்க, அவித்த மரவள்ளிக்கிழங்கைச் சுடச்சுட அவள் கையில் வைத்துச் சுற்றச் சொன்னேன். சுட்டால் விட்டுவிடுவாள் என்று கணக்கு. அந்தப் பஞ்சத்தில் கிழங்கை யார் கீழே போடுவார்கள்? ஊதி ஊதித் தின்றுவிட்டு, "இன்னொன்னு குடு, இந்தவாட்டி விட்டுடறேன்," என்றாள். இரண்டாவதும் அப்படியே போனது. என் பங்கும் தீர்ந்தது.

பிறகு சவர்க்காரக் கட்டியை நனைத்துக் கொடுத்தேன். அது யாரையும் கேட்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். இடுப்புக்கிட்ட வரும்போது விரலை மெல்லத் திறந்தால் நேரே போகும். கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் மேலே போகும். சவர்க்காரம் கூரையில் ஒட்டாமல் என் கைக்கு வருகிற நாளும் வந்தது. மேனேஜர் பார்த்தார். "யோஷி" என்று ஒருதரம், மனசில்லாதவர் மாதிரிச் சொன்னார்.

4. இடுப்புக்குத் தண்ணீர்

ஆட்டத்து அன்று திடலில் கூட்டம். நடுவில் நாற்காலி போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். பிலோமினா ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு எறிந்தாள். சளப், யோஷி. சளப், யோஷி. கயிற்றுத் தொழிற்சாலைப் பெண்கள் மட்டையைக் காற்றில் வீசிவிட்டுப் போனார்கள். ஆட்டம் பாதி தாண்டியபோது நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால் இருந்தோம்.

அதிகாரி கையை நீட்டி என்னவோ கேட்டார். கிராணியார் ஓடி வந்தார்.

"பிள்ளை, உந்தத் துண்டைக் கழட்டு. சமையல்காரி ஏன் பந்து எறியிறாள் எண்டு கேக்கிறார்."

கழற்றினாள். அடுத்த பந்து டாமே. அதற்கடுத்ததும் டாமே. கை மறுபடி இடுப்பை விட்டு ஓடத் தொடங்கியது. நாலு டாமே விழுந்தால் மட்டைக்காரி அடிக்காமலே ஒரு மூலை நடக்கலாம். ஒருத்தி சும்மாவே நடந்து முதல் மூலைக்குப் போனாள், பின்னாலேயே இன்னொருத்தி, பிறகு மூன்றாமவள். மூன்று மூலையும் நிரம்பிவிட்டது, இன்னொருத்தி நடந்தால் அவர்களுக்கு ஒரு ஓட்டம். மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிலோமினாவைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். அவள் உதடு "அம்மா" என்றது எனக்குத் தெரிந்தது.

நான் கூட்டத்தில் எழுந்து நிற்கிறவள் இல்லை. கடைக்காரரிடம் உப்புக் கேட்கவே இரண்டு தரம் போய்த் திரும்புகிறவள். அன்றைக்கு எப்படி எழுந்தேனோ தெரியாது. குடிக்க வைத்திருந்த வாளியை எடுத்துக்கொண்டு திடலின் நடுவே நடந்தேன். ஒரு குவளை மொண்டு அவள் வலது இடுப்பில் ஊற்றினேன். இன்னொரு குவளை. பாவாடை உடம்போடு ஒட்டி, தண்ணீர் சொட்டியது.

"ஈரம் இருக்குல்ல? சுடாது. எறி," என்றேன்.

அதிகாரி கிராணியாரைப் பார்த்தார். கிராணியார் வியர்த்தபடி ஏதோ சொன்னார். அதிகாரி எழுந்து, எங்களைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தார்.

"என்ன ஐயா சொன்னீங்க?" என்று பிலோமினா மெல்லக் கேட்டாள்.

"பந்து எறிய முன்னம் இடுப்புக்குத் தண்ணி வார்க்கிறது உங்கட சமயத்தில வழக்கம் எண்டு சொல்லிப்போட்டன். எனக்கு வேற சொல்லு வரேல்லை."

"நாங்க வேதக்காரங்க ஐயா. கோயில்ல ஃபாதர் கேட்டா என்ன சொல்றது?"

"வாயை மூடிக்கொண்டு எறி பிள்ளை."

எறிந்தாள். கை ஈரப் பாவாடையை உரசிக்கொண்டு வந்தது. யோஷி. யோஷி. யோஷி. மூன்று யோஷி விழுந்ததும் மட்டைக்காரி வெளியே போனாள். அடுத்தவளும் அப்படியே போனாள், அதற்கடுத்தவளும். அதற்குப் பிறகு நான் தண்ணீர் ஊற்ற மறந்தால் அதிகாரியே வாளியைக் காட்டி ஞாபகப்படுத்தினார். கயிற்றுத் தொழிற்சாலைப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, அவர்களுடைய எறிகிறவள் இடுப்பிலும் ஒரு குவளை ஊற்றினார்கள். பாவம், அவளுக்கு அதனால் தடுமன் பிடித்ததுதான் மிச்சம்.

அந்த ஒரு ஓட்டத்தில் ஜெயித்தோம். கிராணியார் போகிறபோக்கில் சொன்னார். "பாயான் லெப்பாஸ் கதை முடிஞ்சுது. வீட்டை போய்க் கொம்மாவைப் பார்." பிலோமினா ஈரப் பாவாடையோடு சுங்கை பினாங் வரைக்கும் ஓடினாள்.

5. திங்கட்கிழமை

மறுபடி வேலைக்கு வந்தோம். நான் தொட்டியில். பிலோமினா கரியைப் போட்டு, சேவல் கொண்டியை இறுக்கி, வழக்கம்போலப் பெட்டியைத் தலைக்கு மேலே கொண்டுபோனாள்.

கை நேராக இறங்கியது. இடுப்பை உரசியது. பாவாடை பொசுங்கிய நாற்றம் என் மூக்குக்கு வருமுன்னே, இடுப்பின் ஓரத்தில் அவள் விரல்கள் அழகாகத் திறந்தன.

பெட்டி கோடு போட்ட மாதிரி வந்தது. பிடிக்கிறவள் பழக்கம், நான் இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். நல்லவேளை, கடைசி நொடியில் புத்தி வந்து குனிந்தேன். பெட்டி பின்னாலிருந்த அலசு தொட்டியில் விழுந்து, 'சொய்ங்' என்று ஆவி கூரைக்கு எழும்பியது. கிராணியார் மேசைக்கு அடியிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார். "ஆரும் செத்துப்போச்சினமோ?"

வாசலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். தொட்டியைப் பார்த்தார், பிலோமினாவைப் பார்த்தார்.

"யோஷி," என்றார்.

அன்றோடு அவளை மடிப்பு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு அவள் கரிப்பெட்டியைத் தொடவே இல்லை.

நான் அதற்கப்புறமும் பல வருஷம் சலவை வேலையில்தான் இருந்தேன். புதிதாக வருகிறவள் கை கோணலாகப் போனால் திட்டுவதில்லை. இதற்கு முன்னால் அந்தக் கை என்ன வேலை செய்தது என்று கேட்பேன். பாதிக் கோணல் அதிலேயே தெரிந்துவிடும். மீதியைப் பொறுமையாகத் திருத்தலாம். திருத்தி முடித்த பிறகு மட்டும், அவள் எதிரில் நான் நிற்பதில்லை.