பன்னிரண்டு மணிக்கு யாரும் இல்லை

1. ஜெராக்ஸ்

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னதுண்டு. அந்த முத்தை எங்கள் ஜே.இ. சார் ஜெராக்ஸ் எடுத்து என் முன்னால் மேஜையில் போட்ட நாளில், அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகள் வரிசையாக இருக்கும் கடைவீதிக்குப் பின்னால் ஒரு பூங்கா. ஒரு ஏக்கருக்கும் குறைவு. நான்கு தூங்குமூஞ்சி மரங்கள், சில புங்க மரங்கள், நடைபாதை, சிமெண்ட் பெஞ்சுகள், நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடாத நீரூற்று. தினக்கூலியாகத் தோட்ட வேலைக்குச் சேர்ந்தவள் நான். பிறகு நிரந்தரமாகி, கடைசிப் பதினொரு வருஷம் அந்தப் பூங்காவுக்கு மேற்பார்வையாளராக இருந்தேன். பெயர் எஸ்தர். என் அப்பா தாமல் ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். எங்களுக்கென்று சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. அதனாலோ என்னவோ, அந்த முக்கால் ஏக்கரை நான் கொஞ்சம் அதிகமாகவே என் நிலமாக நினைத்துவிட்டேன். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

ஜே.இ. சார் எங்கள் நகராட்சியின் ஜூனியர் இன்ஜினியர், நல்ல மனுஷர்தான். சுற்றி வளைக்காமல் சொன்னார். கடைவீதியில் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களின் வேன்கள் நிற்க இடமில்லை, நெரிசல் தாங்கவில்லை. பூங்காவை எடுத்துவிட்டு அங்கே வேன் நிறுத்தம் கட்ட பிளான் போட்டாகிவிட்டது. பூங்காவை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அதற்கு ஆதாரமாகப் பின்னால் கோத்திருந்ததுதான் என் ஜெராக்ஸ்.

"இது நான் சொல்றது இல்லம்மா. மதியம் ஒரு ஆள்கூட வர்றதில்லன்னு தெனமும் நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார்.

எங்கள் பதிவேட்டில் ஒரு நாளைக்கு மூன்று கட்டம். காலை, மதியம், மாலை. அந்தந்த நேரத்தில் பூங்காவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எழுத வேண்டும். மதியக் கட்டத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் 'இல்லை' என்று எழுதினார். நானும் அதைப் பார்த்து 'இல்லை' என்று எழுதினேன். பதினொரு வருஷமாக எழுதினேன்.

ஆள் ஏன் இல்லை? காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணிவரை பூங்கா பூட்டியிருக்கும். பூட்டின சாவி என் இடுப்பில் இருக்கும்.

2. பூட்டு வந்த கதை

ஒரு காலத்தில் நாள் முழுக்கத் திறந்திருந்த பூங்காதான். மதிய நேரத்தில் கீழக்கோடி மரத்தடியில் சீட்டாட்டக் கும்பல் ஒன்று உட்கார ஆரம்பித்தது. பிறகு பாட்டில் வந்தது. காலையில் நடக்க வருகிறவர்களின் காலில் கண்ணாடித் துண்டு குத்தியது. நடக்க வருகிறவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ராகவாச்சாரி சார், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், சின்ன காஞ்சிபுரத்துக்காரர். அவர் மனு எழுதி நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். மதியம் பூட்டச் சொல்லி உத்தரவு வந்தது.

இதில் நான் யோக்கியம் பேச முடியாது. அந்தப் பூட்டு எனக்கும் சௌகரியமாக இருந்தது. கூட்டிப் பெருக்கியது அப்படியே கிடக்கும். நிம்மதியாகச் சாப்பிட்டு, ஷெட்டில் கொஞ்சம் கண்ணயரலாம். அந்த நிம்மதிக்கு வட்டியும் முதலுமாகத்தான் ஜெராக்ஸ் வந்தது.

எனக்கு ரிட்டயர் ஆக எட்டு மாதம் பாக்கி. வாயை மூடிக்கொண்டிருந்தால் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் நான் வளர்த்த மரங்களை வெட்ட, நான் எழுதின எழுத்தையே காரணமாகக் காட்டுவார்கள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பூங்கா பறிபோகக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

3. கேட்டுக்கு வெளியே

மறுநாள் மதியம் நான் தூங்கவில்லை. பூட்டின கேட்டுக்கு உள்ளே நின்று வெளியே பார்த்தேன். பதினொரு வருஷத்தில் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று சொன்னால் வெட்கம்.

முகூர்த்தப் பட்டு எடுப்பது ஒரு வீட்டு வேலை இல்லை, ஒரு வம்சத்து வேலை. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, அத்தை, சித்தி என்று வேன் பிடித்து வருவார்கள். நாலைந்து பெண்கள் கடைக்குள்ளே உட்கார்ந்து, பிரிக்கச் சொல்லி மடிக்கச் சொல்லிப் பொழுதைப் போக்குவார்கள். மீதிப் பேர் வெளியே. கட்டுச்சோறு கையில் இருக்கும், உட்கார இடம் இருக்காது. அன்றைக்கு எங்கள் கேட்டை ஒட்டிய கால்வாய் மூடிமேல் ஒரு நிறைமாதப் பெண் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் வெயிலுக்கு ஒரு துண்டைத் தலைக்குமேல் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். பத்தடி தள்ளி உள்ளே, தூங்குமூஞ்சி மர நிழல் ஆளில்லாமல் கிடந்தது.

அப்போது பின்பக்கம் தொப்பென்று சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு ஆள் சுவர் ஏறிக் குதித்து, புங்க மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சுவரில் காரை பெயர்ந்திருப்பதை நான் வெகு நாளாகப் பார்த்து வருகிறேன். மேலே கண்ணாடித் துண்டு பதிக்க வேண்டும் என்று மூன்று தடவை எழுதியும் கேட்டிருக்கிறேன். நல்ல வேளையாக எங்கள் அலுவலகத்தில் எதுவும் சீக்கிரம் நடக்காது.

ஆள் பின் தெருவில் தறி நெய்கிற தணிகாசலம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. சீட்டாடவா வந்தீர் என்று அதட்டினேன்.

"தறிக்குழில காலை வுட்டுக்கினு காலைலேந்து ஜரிகையவே பாத்துக்கினு இருக்கிறேன்மா. கண்ணு பூத்துப் போவுது. ஒரு கால்மணி பச்சையப் பாத்தாத்தான் சாயங்காலம் வரிக்கும் கோடு தப்பாம நெய்ய முடியும். நா மட்டும் இல்ல, நாங்க ஏழெட்டுப் பேரு வர்றோம். நீ தூங்கினு இருப்ப, எழுப்ப வாணாம்னு சொவரு ஏறி வர்றது" என்றார்.

மதியத்தில் யாரும் இல்லை என்று நான் எழுதினபோதெல்லாம் இவர்கள் உள்ளே இருந்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவேண்டும். சிரிப்புத்தான் வந்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்து, அந்த நிறைமாதப் பெண்ணை உள்ளே வரச் சொன்னேன்.

4. சீட்டுக்குத் தண்ணீர்

அன்றிலிருந்து தினமும் மதியம் திறந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார்கள், அப்புறம் திறப்பது கீழ்ப்படியாமை ஆகிவிடும். கேட்காமல் திறந்தால் அது வெறும் தப்பு. இந்த வித்தியாசம் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்குப் புரியும்.

வாசனை பிடித்த மாதிரி ஒரே வாரத்தில் சீட்டாட்டக் கும்பலும் திரும்பி வந்தது. அதே கீழக்கோடி. நான் சண்டை போடவில்லை. தண்ணீர் பாய்ச்சும் நேரத்தை மாற்றினேன். சரியாகப் பன்னிரண்டரைக்கு ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு கீழக்கோடிக்குப் போவேன். உச்சி வெயிலில் செடிக்குத் தண்ணீர் விடக்கூடாது என்பது எனக்குத் தெரியாததில்லை. நான் செடிக்கு விடவில்லை, சீட்டுக்கு விட்டேன். நாலாம் நாள் அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

பதிவேட்டில் மதியக் கட்டத்தில் எண்ணிக்கையோடு நிறுத்தவில்லை. யார், எதற்கு என்றும் எழுதினேன். 'கல்யாண வீட்டார், சாப்பிட்டார்கள்.' 'நெசவாளர் ஏழு பேர், கண்ணுக்கு ஓய்வு.' 'கோயிலுக்கு வந்தவர்கள், நடை சாத்தியதால் காத்திருந்தார்கள்.' கோயில் மதியம் மூடும், மாலையில்தான் திறக்கும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதுவரை அந்த ஜனம் எங்கே போகும் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

மெமோ வந்தது. உத்தரவை மீறிப் பூங்காவைத் திறந்ததற்கு மூன்று நாளில் விளக்கம் கேட்டிருந்தார்கள். மதியம் யாரும் வருவதில்லை என்று பதிவேட்டைக் காட்டிச் சொல்லப்பட்டதால், அது சரிதானா என்று பார்க்கத் திறந்தேன் என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். ஜே.இ. சார் தனியாகக் கூப்பிட்டு, இது சார்ஜ் மெமோவாக மாறினால் ரிட்டயர்மெண்ட் ஆர்டர் நின்றுவிடும் என்று எச்சரித்தார். அன்று ராத்திரி எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே மறுநாளும் திறந்தேன்.

பிறகு ராகவாச்சாரி சார் வந்தார். பெஞ்சில் சோற்றுப்பருக்கை, எறும்பு, நடைபாதையில் ஆரஞ்சுத் தோல் என்று பட்டியல் வாசித்தார்.

"எவ்வளவு சுத்தமா இருந்த இடம். இப்படிச் சத்திரமா ஆக்கிட்டேளே அம்மா" என்றார்.

"சத்திரம்தான் சார். வர்றவங்களுக்குச் சத்திரம் கட்டி வெச்ச ஊருதானே இது. நீங்க காலையில மட்டும் பாக்குறீங்க. ஒரு நாள் பன்னெண்டு மணிக்கு வாங்க" என்றேன். எறும்புக்கு நான் பொறுப்பு என்று சொல்லி, அன்றே நாலு மூலையிலும் குப்பைத் தொட்டி வைத்தேன்.

அவர் வந்தார், குடையோடு. தணிகாசலம் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். ஒரு கல்யாண வீட்டு அம்மாள் தயிர்சாதம் நீட்டினாள். வெளியில் சாப்பிடுவதில்லை என்று சொல்லி ஒரு வாழைப்பழம் மட்டும் வாங்கிக்கொண்டார். தோலைத் தேடிப் போய்த் தொட்டியில் போட்டார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

5. கமிஷனர் கேட்ட கேள்வி

இடத்தை நேரில் பார்க்க நகராட்சிக் கமிஷனர் வருகிறார் என்று தகவல் வந்தது. பத்தரைக்கு வர வேண்டியவர், வேன் நெரிசலில் ஜீப் மாட்டிக்கொண்டு பன்னிரண்டுக்குத்தான் வந்து சேர்ந்தார். பத்தரைக்கு வந்திருந்தால் பூங்கா பாதி காலியாக இருந்திருக்கும். நெரிசல் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

உள்ளே நுழைந்து, பெஞ்செல்லாம் ஆளாக இருப்பதைப் பார்த்தார். கையில் இருந்த ஃபைலைப் பார்த்தார். மேற்பார்வையாளர் யார் என்று கேட்டார். முன்னால் போய் நின்றேன்.

"அப்போ நீங்க இத்தனை வருஷமா எழுதினது பொய்யா?"

பழைய பதிவேடு பொய் என்றால் என் வேலை போகும். நிஜம் என்றால் பூங்கா போகும். ஜே.இ. சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் இல்ல சார். ஆளு இல்லன்னு எழுதினேன், கேட்டு வழியா ஒருத்தரும் வரல, அது நெஜம்தான். ஏன் இல்லன்னு எழுதல. பூட்டு போட்டு சாவிய இடுப்புல சொருவிக்கினு, யாரும் வரலன்னு எழுதிட்டேன். தப்பு என்னுது. அதுக்கு என்னைக் கேளுங்க, மரத்தைக் கேக்காதீங்க" என்றேன்.

அப்போது பின்னாலிருந்து ராகவாச்சாரி சாரின் குரல் வந்தது. மதியத்திலும் வர ஆரம்பித்திருந்தார் என்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன்.

"சார், பூட்டச் சொல்லி மனு எழுதினவன் நான். அந்தம்மாவைக் கேக்கறதுன்னா என்னையும் சேர்த்துக் கேளுங்கோ. திறந்து வைக்கச் சொல்லி இப்போ இன்னொரு மனு எழுதிண்டு வந்திருக்கேன்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். முதல் கையெழுத்து அவருடையது. அதற்குக் கீழே தணிகாசலம்.

அப்போ வேன் எங்கே நிற்கும் என்று கமிஷனர் கேட்டார். நியாயமான கேள்வி. நெரிசல் பொய் இல்லையே.

"வேன் ஊருக்கு வெளியில வெயில்ல நின்னா அதுக்கு ஒண்ணும் ஆவாது சார். அதுல வந்தவங்கதான் நிக்க முடியாது" என்றேன்.

அவர் ஃபைலில் ஏதோ குறித்துக்கொண்டார். ஜே.இ. சார் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆட்களை இங்கே இறக்கிவிட்டு வேன்கள் புறவழிச் சாலைப் பக்கம் காலியாகக் கிடக்கும் இடத்துக்குப் போகலாம், அதற்கும் ஒரு பிளான் போட்டுத் தருகிறேன் என்றார். அந்த மனுஷரை நான் நல்லவர் என்று சொன்னது சும்மா இல்லை.

உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. இரண்டு மாதம் இழுத்தது. மெமோவுக்கு எச்சரிக்கையோடு விட்டார்கள். அந்த எச்சரிக்கைக் கடிதத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். கடைசியில் பூங்கா நேரத்தை மாற்றி உத்தரவு வந்தது: காலை ஐந்து முதல் இரவு எட்டு வரை, இடைவேளை இல்லாமல். நீரூற்று மட்டும் இன்றுவரை ஊறவில்லை.

6. கடைசிப் பக்கம்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பொது இடம் உங்களுடையது இல்லை, சாவி மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது. யாரும் வரவில்லை என்று எழுதுவதற்கு முன்னால் எழுந்து போய்க் கேட்டைப் பாருங்கள். பூட்டியிருந்தால் பூட்டியிருந்தது என்று எழுதுங்கள். எழுதின கட்டத்தைப் பிறகு யார் எதற்குக் காட்டுவார்கள் என்பது நமக்குத் தெரியாது.

நான் ரிட்டயர் ஆன நாளில் காலையிலிருந்தே நல்ல மழை. அலுவலகத்தில் மாலை போட்டு அனுப்பினார்கள். பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும் என்று மதியம் பூங்காவுக்குப் போனேன். ஒரு ஈ காக்கை இல்லை. பெஞ்செல்லாம் தண்ணீர். நெசவாளர்கள்கூட வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, மதியக் கட்டத்தில் எழுதினேன்:

'திறந்திருந்தது. மழை. யாரும் இல்லை.'

கீழே கையெழுத்துப் போட்டேன். பதினொரு வருஷத்தில் அந்தக் கட்டத்தில் எழுதிய 'இல்லை'களில் அது ஒன்றுதான் முழு உண்மை.